அடிபட்ட கோழி: முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

நாய் கவ்வி உதறிய கோழியைக் கையில் எடுத்தவுடன் பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறு நடந்துவிடுகிறது. தோல் கிழிந்து சதை தெரிவதைப் பார்த்துப் பதறி, பிழைக்கக்கூடிய கோழியை உடனே கொன்றுவிடுகிறோம். அல்லது, ரத்தம் அதிகம் இல்லை, சத்தமும் போடவில்லை என்று கூடையில் போட்டு மூடிவைத்து, உள்ளே நொறுங்கிப்போன கோழியை மூன்று நாள் அணு அணுவாகச் சாகவிடுகிறோம். இரண்டிலும் நம் கண் காயத்திலேயே நின்றுவிடுகிறது. பார்க்க வேண்டியவை வேறு: மூச்சு, கால், தலை நிற்கும் விதம், தீனி.

சத்தம் போடாத கோழிக்கு வலி இல்லை என்று நினைப்பது

கோழி தன் தளர்ச்சியை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரிந்தால் வேட்டை மிருகத்தின் கண்ணில் படும்; கூட்டத்துக் கோழிகளும் கொத்தும். மடியில் அசையாமல் கிடப்பது பெரும்பாலும் பயத்தில் உடல் உறைந்த நிலை. வலியில் இருக்கும் கோழி கழுத்தை உள்ளிழுத்து, இறகைச் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி, வாலைத் தாழ்த்தி நிற்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், மூச்சுவிடுவதற்கே அது பாடுபடுகிறது என்று பொருள்.

முதல் பத்து நிமிடத்திலேயே தீர்ப்பு எழுதுவது

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அடிபட்ட அதிர்ச்சியில் அது இறங்கும். கால் சில்லிட்டு, கொண்டை வெளுத்து, கண் மூடிக் கிடக்கும். பார்த்தால் செத்துக்கொண்டிருப்பது போலவே தோன்றும். ஆனால் இருட்டான பெட்டியில், 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பில் வைத்தால், ஒன்று இரண்டு மணி நேரத்தில் தலை நிமிர்ந்து எழுந்து நிற்கும் கோழிகள் உண்டு. துணி சுற்றிய வெந்நீர் புட்டியைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் கோழி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இந்த நேரத்தில் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் பின்பக்கத்திலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். தலை நிமிர்ந்த பிறகு, அலகின் நுனியில் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே விழுங்கும். காயம்பட்டதைக் கூட்டத்தோடு விடவே கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்திக் குடலையே இழுத்துவிடும்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. குடல் வெளியே வந்து கிழிந்தோ மண் படிந்தோ கிடப்பது, மண்டை உள்ளே அமுங்கி உடல் வெட்டி வெட்டி இழுப்பது, அலகில் நுரையும் ரத்தமுமாக வாய் பிளந்து மூச்சுக்குத் தவிப்பது, இரண்டு காலும் நசுங்கிப்போவது, காயத்தில் வைத்த ஈப்புழு வயிற்றுக்குள் இறங்கிவிடுவது. மருத்துவர் அந்த நிமிடமே கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், இவற்றில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் கோழி அனுபவிக்கும் வேதனைதான்.

பயங்கரமாகத் தெரிவது, உண்மையில் பயங்கரமானது

கோழியின் தோலுக்கு ஆறும் ஆற்றல் வியக்கத்தக்கது. முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்ததும், தலைத்தோல் கொத்துப்பட்டு எலும்பு தெரிந்ததும்கூட, சுத்தமாக வைத்திருந்தால் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். ஒரு கண் போன கோழி நன்றாகவே வாழும். தோளுக்குக் கீழே எலும்பு உடைந்து, ஆனால் தோல் கிழியாமல் தொங்கும் இறக்கை, உடலோடு சேர்த்துக் கட்டினால் மூன்று வாரத்தில் கூடும். கட்டும்போது ஒரு தவறு உயிரையே எடுத்துவிடும். மூச்சை இழுக்க நமக்கு உதவும் உதரவிதானம் என்ற தசைத்திரை கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. கட்டு நெஞ்சை இறுக்கினால் கோழி மூச்சு முட்டிச் செத்துவிடும். கட்டிய பிறகு துணிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

காயத்தைக் கழுவ, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு போதும். சமமாக வழித்த தேக்கரண்டியில் ஒன்றரை. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் ஆறிவரும் சதையையே எரிக்கும். ஆழமான காயத்துக்குள் பீய்ச்சும் முன் ஒரு கணம் உற்றுப் பாருங்கள். கோழியின் மேல் இறக்கை எலும்பு உள்ளே பொந்தானது. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பையின் கிளை அதற்குள் போகிறது. அந்த எலும்பு உடைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மூச்சுக்கு மூச்சு முனையில் சிறு குமிழி எழுவது தெரியும். அங்கே ஊற்றும் தண்ணீர் கோழியை உள்ளிருந்தே மூழ்கடிக்கும். வெளியே நீட்டி, காய்ந்து நிறம் மாறிய எலும்பு கூடுவது அரிது. மருத்துவ உதவி இல்லாத இடத்தில் அதை முடிவின் பக்கமே எழுதிக்கொள்ளலாம்.

பூனைக்கடி இதற்கு நேரெதிர். இறகை விலக்கினால் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிதான் இருக்கும். ஆனால் பூனையின் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்தால், ஓரிரு நாளில் கோழி சுருண்டுவிடும். உடனே மருத்துவரிடம் கொண்டுபோய் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்க வேண்டிய காயம் இது.

காலை இழுத்தால் உணர்வு இருக்கிறது என்று நம்புவது

எழ முடியாத கோழியின் விரலைக் கிள்ளிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். கால் சுண்டி இழுத்தால் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்த இழுப்பை முதுகுத்தண்டு மட்டுமே தனியாகச் செய்துவிடும். மூளைக்குச் செய்தி போயிருக்க வேண்டியதில்லை. கிள்ளும்போது காலைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள். திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கண் விரிகிறதா? அப்படியென்றால் நரம்புத் தொடர்பு இருக்கிறது. வீக்கம் வடிந்தால் நடக்க வாய்ப்பு உண்டு, இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். ஓங்கிய அடிக்குப் பிறகு இரண்டு காலிலும் அந்த உணர்வே இல்லையென்றால் முதுகெலும்பு போய்விட்டது. அடிபடாத கோழி திடீரென்று காலை நீட்டிப் படுத்தால் அது நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயான மாரெக் நோயாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒற்றைக் காலோடு வாழுமா என்றால், அது எடையைப் பொறுத்தது. மெலிந்த இனத்துப் பெட்டை சமாளிக்கும். கனத்த இனமும் கறிக்கோழியும் மிஞ்சிய கால் புண்ணாகி, நெஞ்சுத் தோல் தேய்ந்து, மீண்டும் வேதனையிலேயே வந்து நிற்கும்.

கெடு வைக்காமல் காத்திருப்பது

எங்கள் பார்வையில் மிகக் கொடுமையான தவறு இதுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுகிறவர் இரக்கமற்றவர் அல்ல. பாசம்தான் அவரை அப்படிச் செய்யவைக்கிறது. அதனால்தான் மனம் தெளிவாக இருக்கும்போதே, பெட்டியின் மேல் தேதியோடு எழுதி ஒட்டிவிட வேண்டும்: மூன்றாம் நாள் காலைக்குள் தானாகத் தின்ன வேண்டும், தானாகக் குடிக்க வேண்டும், நிற்க வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். 2 கிலோ கோழி 400 கிராம் இழந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எச்சத்தையும் கவனியுங்கள். திடப்பொருளே இல்லாமல் பச்சை நீரும் வெள்ளையும் மட்டும் வந்தால் குடலில் எதுவும் இறங்கவில்லை. முந்தின மாலை நிரம்பிய தீனிப்பை விடிந்தும் அப்படியே கெட்டியாக இருந்தால் செரிமானம் நின்றுவிட்டது. வெயில் காலத்தில் காயத்தைக் காலையும் மாலையும் விரித்துப் பார்க்க வேண்டும். ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும்.

காத்திருக்கும் நாட்களில் வலிக்கு மருந்து இல்லையென்றால் கெடுவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மெலாக்சிகாம் போன்றவற்றை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். வீட்டில் கிடக்கும் மனித மாத்திரை வேண்டாம். பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்த டைக்ளோஃபெனாக் பறவையின் சிறுநீரகத்தையே அடைத்துவிடும் மருந்து.

முடிக்கும் முறையில் தவறுவது

தண்ணீரில் அமுக்குவது, உறைபெட்டியில் வைப்பது, வண்டிப் புகை, வினிகரும் சோடா உப்பும் கலந்து எழும் வாயு நிறைந்த வாளி, தீனி வைக்காமல் விட்டுவிடுவது: இவை எதிலும் கோழி நினைவோடு தவித்த பிறகுதான் சாகும். முதல் வழி மருத்துவரின் ஊசி. அது கிடைக்காத இடத்தில் கழுத்தெலும்பை மண்டையிலிருந்து பிரிப்பது. கழுத்தைத் திருகுவது என்று பேச்சில் சொல்கிறோம். அந்தச் சொல்லே தவறான செய்கைக்குக் கொண்டுபோய்விடுகிறது. திருகினால் மூச்சுக்குழாய் நெரியும், எலும்பு பிரியாமல் போகலாம். சுற்றி வீசுவதும் அப்படியே. ஒரு கையால் இரண்டு காலையும் இறக்கை நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, மறு கையின் முதல் இரண்டு விரல்களுக்கு நடுவே மண்டையின் பின்புறத்தை வைத்து, கட்டைவிரலை அலகின் கீழே கொடுத்து, ஒரே அழுத்தமான அசைவில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே தலையைப் பின்னால் வளைக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுப்பதுதான் கோழிக்குத் தண்டனை. பழகியவரிடம், ஏற்கெனவே செத்த கோழியில் கற்றுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதி, கையால் செய்வதை 3 கிலோ வரையுள்ள பறவைக்கு மட்டுமே அனுமதிக்கிறது. கனத்த சேவலை முதலில் தலையில் ஒரே பலத்த அடியால் மயக்கமடையச் செய்துவிட்டுத்தான் கழுத்துக்குப் போக வேண்டும். இடுக்கியால் கழுத்தை நசுக்குவது வேண்டவே வேண்டாம்.

பிறகு இறக்கை ஓரிரு நிமிடம் படபடவென்று அடிக்கும். மூளையின் பிடி விட்டுப்போன முதுகுத்தண்டின் துடிப்பு அது. பயந்து கையை விட்டுவிடாதீர்கள். மண்டைக்குக் கீழே கழுத்தைத் தடவினால் எலும்பில்லாத இடைவெளி விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். விழியை மெல்லத் தொடுங்கள். மூக்குப் பக்க ஓரத்திலிருந்து வெளிறிய மூன்றாம் இமை வந்து மூடினால் உயிர் இன்னும் இருக்கிறது, தாமதிக்காமல் மறுபடி செய்தாக வேண்டும். மூச்சு நின்ற பிறகும் இதயம் சில நிமிடம் துடிக்கும். அது நிற்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

மருந்து கொடுத்த கோழியைச் சமைக்கக் கூடாது. ஊசி போட்டு முடித்த உடலில் மயக்க மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்னும் நாயும் பருந்தும் சாகும். தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதையுங்கள்.