சி மொழியில் கோட்டோ: பிழை நேரும்போது ஒழுங்காக வெளியேறும் முறை

ஒரு கோப்பைத் திறந்து, 4096 பைட் இடையகம் (தரவை வைக்கும் நினைவகப் பகுதி) ஒதுக்கி, உள்ளடக்கத்தை அதில் படித்துத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதுவோம். ஒவ்வொரு தோல்வியின் போதும் ரிட்டர்னுக்கு முன், நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீயையும் கோப்பை மூடும் எஃப்குளோஸையும் மீண்டும் மீண்டும் எழுதினால், பின்னாளில் சேர்க்கும் வரிகளில் ஏதேனும் ஒன்று விடுபட்டுவிடும். அதைத் தவிர்க்க, லேபிள் (நிரலில் பெயரிட்ட இடம்) ஒன்றுக்கு நேரே தாவச் செய்யும் கோட்டோ கட்டளையைப் பயன்படுத்தலாம்.

1. மாறிகள் அனைத்தையும் தொடக்கத்திலேயே அறிவித்து, 'விடை' என்னும் சுட்டிக்கு எதையும் சுட்டாத NULL (நல்) மதிப்பைக் கொடுங்கள்.

2. கோப்பு திறக்காவிட்டால் நேரடியாகத் திரும்புங்கள். நினைவகம் ஒதுக்கும் மாலோக் தோற்றால் 'கோப்பை_மூடு' என்ற லேபிளுக்கும், படிப்பதில் பிழை நேர்ந்தால் 'இடையகத்தை_விடு' என்ற லேபிளுக்கும் தாவுங்கள். கோப்பைப் படிக்கும் எஃப்ரீட் சுழியம் தருவது கோப்பு முடிந்ததாலும் இருக்கலாம் என்பதால், பிழையை, அதைச் சோதிக்கும் எஃப்எரர் கொண்டே உறுதிசெய்ய வேண்டும்.

3. பலரும் தடுமாறும் இடம் இதுதான். லேபிள்கள், வளங்களைப் பெற்ற வரிசைக்கு நேர்மாறாக அமைய வேண்டும்: இடையகத்தை விடும் பகுதி மேலே, கோப்பை மூடும் பகுதி கீழே. லேபிள் எதையும் தடுத்து நிறுத்துவதில்லை; மேலே நுழைந்த கட்டுப்பாடு கீழுள்ள வரிகளையும் தானாகவே கடந்து செல்லும் என்பதால்தான் இந்த வரிசை பயன்படுகிறது. அதே காரணத்தால், வெற்றிகரமாகப் படித்து முடித்ததும் இடையகத்தின் முகவரியை 'விடை'யில் வைத்து, 'கோப்பை_மூடு'வுக்குத் தாவியே ஆக வேண்டும். இல்லையேல் திருப்பித் தர வேண்டிய நினைவகமே விடுவிக்கப்பட்டுவிடும்.

4. நினைவகப் பிழைகளைக் கண்டறியும் அட்ரஸ் சானிடைசருடன் தொகுத்துச் சோதியுங்கள். இதே வகைக் கருவியான வால்கிரைண்டைவிட வேகமானது என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும். லினக்ஸில் கோப்புக்குப் பதிலாக ஓர் அடைவின் பெயரைக் கொடுத்தால், திறப்பது வெற்றி பெற்றுப் படிப்பது மட்டும் தோற்கும். படித்தல் பிழையை வரவழைக்க இதைவிட எளிய வழி இல்லை.

லேபிளுக்கு 'பிழை1', 'பிழை2' என எண்ணிடாமல், அங்கே நடக்கும் செயலையே பெயராக வையுங்கள். லினக்ஸ் கெர்னலின் நிரல் நடை வழிகாட்டியும் அதையே வலியுறுத்துகிறது. கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1968-இல் கோட்டோவைக் கண்டித்தார். 1974-இல் மற்றொரு கணினி அறிவியலாளரான நூத் அது பொருந்தும் இடங்களை விரிவாக ஆராய்ந்தார். பின்னோக்கித் தாவிச் சுழற்சி அமைக்கும் கோட்டோவை நானும் ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்காகவே, ஒரே முறை ஓடும் டூ-வைல் சுழற்சியை அமைத்து பிரேக்கினால் வெளியேறுவது, அதே தாவலுக்கு முகமூடி அணிவிப்பதாகும்.

பிற்சேர்க்கை: லேபிளை அடுத்து உடனே மாறியை அறிவித்தால், சி23-க்கு முந்தைய தரங்களில் பிழை வரும், இடையே ஒரு வெற்று அரைப்புள்ளி இட்டால் தீரும். சி++ மொழியிலோ, தொடக்க மதிப்புடன் அறிவித்த மாறியைத் தாண்டி அதன் எல்லைக்குள் தாவ முடியாது; அங்கே, பொருளின் ஆயுள் முடியும்போது தானே இயங்கும் டிஸ்ட்ரக்டரிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.