நல்கை விதி மாறும்போது கோப்பில் எதை மாற்றுவது? புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு செய்முறை

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாஷிங்டனிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தால் போதும், "இனி எல்லாம் புது விதிதான்" என்று பக்கத்து மேசையில் ஒருவர் சொல்லிவிடுவார். நம்பாதீர்கள். நான் நம்பினேன். பழைய நல்கை (ஆராய்ச்சிக்கு அரசு தரும் நிதி) ஒன்றுக்குப் புது வரம்பைப் போட்டு வரவுசெலவுத் திட்டம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துச் சிவப்புக் குறிகளோடு திரும்பி வந்தது.

படி 1: தேதியைப் பாருங்கள்

கூட்டரசு நல்கைகளுக்கெல்லாம் தாய் விதி 'யூனிஃபார்ம் கைடன்ஸ்'. 2024 ஏப்ரலில் திருத்தப்பட்டு, அக்டோபர் 1, 2024 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எல்லாத் துறைகளும் அதை ஒரே நாளில் முழுதாக ஏற்கவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) இயங்கும் சுகாதாரத் துறை சில பகுதிகளை மட்டும் அன்று எடுத்துக்கொண்டது. முழுத் தொகுப்பையும் ஏற்றது அக்டோபர் 1, 2025-இல்தான். ஆகவே முதலில் நல்கை ஆணையை எடுத்து, அதன் தேதியையும் நிபந்தனைகளையும் படியுங்கள். பிறகு வந்த திருத்த ஆணைகளையும் விடாதீர்கள். கூடுதல் பணத்தோடு புது நிபந்தனையும் சேர்ந்து வந்திருக்கலாம்.

படி 2: விகித ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள்

கட்டடம், மின்சாரம், நூலகம், நம் சம்பளம் ஆகியவைதான் மறைமுகச் செலவு. அதை எத்தனை விழுக்காடு கேட்கலாம் என்று பல்கலைக்கழகம் அரசோடு பேசி எழுதிக்கொண்ட தாள் ஒன்று இருக்கும். விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தச் செலவுகளின் மேல் அதைப் போடுவது, எத்தனை டாலருக்கு மேல் இருந்தால் 'உபகரணம்' என்பதெல்லாம் அதே தாளில் சிறிய எழுத்தில் இருக்கும். பொது விதி மாறினாலும் அந்தத் தாளில் பழைய வரையறை இருந்தால், மேலதிகாரியைக் கேட்காமல் புதியதைப் போடாதீர்கள். என் சிவப்புக் குறிகளில் பாதி இங்கே வாங்கியவை.

படி 3: ஒரே கணக்கை இரண்டு முறை போடுங்கள்

விகிதத்தை எந்தத் தொகையின் மேல் போடுகிறோமோ அதுதான் அடித்தொகை. உபகரணம் அதில் சேராது, நுகர்பொருள் சேரும். பழைய விதியில் 5,000 டாலரிலிருந்து உபகரணம், புதியதில் 10,000. துணை நல்கையில், அதாவது நம் நல்கையிலிருந்து வேறு நிறுவனத்துக்குப் பிரித்துத் தரும் பணத்தில், முன்பு முதல் 25,000 டாலர்தான் அடித்தொகையில் சேரும், இப்போது 50,000. காகிதத்தில் எடுத்து எழுதினால்தான் இது புரியும்.

ஓர் ஆய்வுத் திட்டம். சம்பளம் 2,00,000. சென்ட்ரிஃபியூஜ் (மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் ஆய்வகக் கருவி) ஒன்று 8,000. வேறொரு பல்கலைக்கழகத்துக்குத் துணை நல்கை 80,000. மாணவர் கல்விக் கட்டணம் 12,000. நேரடிச் செலவு மொத்தம் 3,00,000 டாலர். நம் விகிதம் 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

பழைய வரையறை: 2,00,000 + 25,000 = 2,25,000. மறைமுகச் செலவு 1,12,500.
புதிய வரையறை: 2,00,000 + 8,000 + 50,000 = 2,58,000. மறைமுகச் செலவு 1,29,000.

கல்விக் கட்டணம் இரண்டிலும் சேராது. சென்ட்ரிஃபியூஜ் அதே சென்ட்ரிஃபியூஜ்தான். ஆனால் நேற்று உபகரணம், இன்று நுகர்பொருள். அதனாலும் துணை நல்கையாலும் வித்தியாசம் 16,500 டாலர். திட்டத்தின் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு இருந்தால், இது பேராசிரியரின் ஆய்வுப் பணத்திலிருந்துதான் போகும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

படி 4: இரண்டு 15-களைக் குழப்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பேசி முடித்த விகிதம் இல்லாத சிறு நிறுவனங்கள் கேட்கக்கூடிய அளவை 2024 திருத்தம் 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்த்தியது. அது ஒரு சலுகை. பிப்ரவரி 7, 2025 வெள்ளிக்கிழமை என்.ஐ.எச். அறிவித்த 15 வேறு. யார் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் திங்கட்கிழமை முதல் 15-தான் என்றது அது. மேலே உள்ள திட்டத்தில் 1,29,000 டாலர் 38,700 ஆகிவிடும். மாநில அரசுகளும் பல்கலைக்கழகங்களும் வழக்குத் தொடுத்தன. பாஸ்டன் கூட்டரசு நீதிமன்றம் முதலில் தற்காலிகமாகவும் ஏப்ரலில் நிரந்தரமாகவும் தடுத்தது. அந்த வார இறுதியிலேயே எல்லாக் கோப்புகளிலும் விகிதத்தை மாற்றியிருந்தால், மீண்டும் உட்கார்ந்து மாற்ற வேண்டியிருந்திருக்கும். அறிவிப்பு வந்தால் பாதிப்பைத் தனித்தாளில் கணக்கிட்டு வையுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

படி 5: துணை நல்கை வாங்குபவரின் தணிக்கை

ஆண்டுக்கு 7,50,000 டாலர் கூட்டரசுப் பணம் செலவழித்தால் கட்டாயத் தணிக்கை என்றிருந்தது, 10 லட்சம் ஆகியிருக்கிறது. அக்டோபர் 1, 2024 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுக்குத்தான் இது பொருந்தும். ஜூலையில் ஆண்டு தொடங்குபவருக்கு ஜூலை 2025 முதல். இடையில் விழும் சிறிய நிறுவனங்களிடம் இனி தணிக்கை அறிக்கை இருக்காது. அவர்களுடைய ரசீதுகளை நாம்தான் பார்க்க வேண்டும்.

படி 6: நடுவில் நின்றால்

2025-இல் ஏராளமான நல்கைகள் பாதியில் நிறுத்தப்பட்டன. நிறுத்த ஆணை வந்த பிறகு புதிதாகச் செய்யும் செலவு பொதுவாக ஏற்கப்படாது. அதற்கு முன்பே முறையாக ஒப்புக்கொண்ட, ரத்து செய்ய முடியாத செலவைக் கேட்கலாம். அதற்குத் தேதியோடு சான்று வேண்டும். ஆணை வந்த அன்றே கொள்முதல் ஆணைகளையும் பணி நியமனக் கடிதங்களையும் ஒரே கோப்புறையில் சேர்த்துவிடுங்கள். இறுதி அறிக்கைகளுக்கு 120 நாள் உண்டு. துணை நல்கை வாங்கியவர்கள் நமக்கு 90 நாளில் தர வேண்டும். அவர்களுக்கான கடிதத்தை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.