டைவ்மாஸ்டர் பயிற்சிக்குச் செல்லும் நெல்லைச் சீமை இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து மட்டுமின்றி, பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் பட்டப்படிப்பை முடித்தவர்களிடமிருந்தும் காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங்கைத் தொழிலாகக் கொள்ளலாமா என்ற கேள்வி இப்போது வருகிறது. அந்தமானிலோ, கர்நாடகத்தின் முருடேஸ்வரத்தை ஒட்டிய நேத்ராணித் தீவிலோ, புதுச்சேரியிலோ ஒரு டைவ் சென்டரில் சில மாதங்கள் தங்கி, அங்குள்ள வேலைகளைச் செய்துகொண்டே டைவ்மாஸ்டர், அதாவது டைவ் செய்ய வருகிறவர்களைக் கடலில் வழிநடத்துபவர், என்ற தகுதியைப் பெறும் ஏற்பாட்டைத்தான் இத்துறையில் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். ஏற்பாடு நல்லதுதான். அதில் சேர்ந்து ஏமாற்றத்துடன் ஊர் திரும்புகிறவர்களின் கதையைக் கேட்டால், தவறுகளில் பெரும்பாலானவை தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே, கரையில் இருந்தபோதே நடந்திருப்பது தெரியவரும்.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம், வெவ்வேறான இரண்டு தொழில்களை ஒன்றாக நினைத்துக்கொள்வது. துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்பவரும், கடலடியில் குழாய் பதிப்பவரும், நீருக்குள் வெல்டிங் செய்பவரும் கமர்ஷியல் டைவர்கள். அவர்கள் பெரும்பாலும் மேலிருந்து வரும் குழாயின் வழியே காற்றைப் பெற்று, மேலே நிற்கும் மேற்பார்வையாளருடன் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். அதற்கான பள்ளிகளும் தேர்வுகளும் சான்றிதழ்களும் முற்றிலும் தனியானவை. பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ., நாவி (NAUI), சி.எம்.ஏ.எஸ். போன்ற சர்வதேச டைவிங் அமைப்புகளின் டைவ்மாஸ்டர் அட்டை, பொழுதுபோக்குக்காக டைவ் செய்ய வருகிறவர்களை வழிநடத்துவதற்கு உரியது. எண்ணெய்த் துரப்பண மேடையில் அந்த அட்டையைக் காட்டினால் யாரும் வேலை தரமாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே படிப்புதான் என்று ஓர் ஏஜென்ட் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

டைவ்மாஸ்டர் தகுதியை நேராகப் போய்ப் பெற்றுவிட முடியாது. 18 மீட்டர் ஆழம் வரை செல்ல அனுமதிக்கும் ஓப்பன் வாட்டர், 30 மீட்டர் வரைக்குமான அட்வான்ஸ்ட், பிறரை மீட்கக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ ஆகிய படிகளைக் கடந்த பிறகே அந்தப் பயிற்சிக்கு வரவேண்டும். பாடி அமைப்பின் விதிப்படி, சேருகிறவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தொடங்கும்போது லாக் புக்கில் 40 டைவ்களும், சான்றிதழ் பெறும்போது 60 டைவ்களும் பதிவாகியிருக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு 100 வேண்டும். இவை குறைந்தபட்ச எண்ணிக்கைகள் என்பதை மறந்துவிட்டு, எவ்வளவு விரைவில் அந்த எண்ணைத் தொடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. ஒரே பாறையை ஒரே பக்கமாக, தெளிந்த கடலில் மட்டுமே சுற்றிவந்த 60 டைவ்கள், கலங்கிய நீரிலும் ஓட்டம் இழுக்கும் நீரிலும் இரவிலும் செய்த 40 டைவ்களுக்கு ஈடாகமாட்டா. எண்ணிக்கையை நிரப்புவதற்காக ஐந்து நிமிடம் இறங்கி ஏறுவதையும் ஒரு டைவ் என்று எழுதவிடும் இடத்தில் கற்றுக்கொள்வதற்கு அதிகம் இருக்காது.

கடற்கரைப் பிள்ளைகளிடம் இன்னொரு தவறு உண்டு. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று வீட்டிலேயே சொல்லிச் சொல்லி வளர்த்துவிடுகிறோம். காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் நிறம் பார்த்தே ஆழம் சொல்வதையும் அறிந்த பிள்ளைக்கு இத்தொழிலில் ஒரு சலுகை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நகரத்திலிருந்து வருகிறவர் படகில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது இவர் நிமிர்ந்து நிற்பார். சிக்கல், மூச்சில்தான் வருகிறது. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும், தூத்துக்குடியில் சங்குகுளிப்பு இன்றும் நடக்கிறது. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்குவதுதான் அத்தொழிலின் பழைய முறை. அப்படி இறங்குகிறவரின் நுரையீரலில் இருக்கும் காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. ஸ்கூபாவில் நிலைமை வேறு. 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து வாய்க்கு ரெகுலேட்டர் என்ற கருவி தரும் காற்று, மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அதை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழ் இரத்தத்தில் நுழைந்து மூளை வரை சென்றுவிடக்கூடும். இதற்கு நடுக்கடல் தேவையில்லை, நீச்சல்குளத்தின் ஆழமே போதும். ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி, எந்நேரமும் மூச்சை நிறுத்தாமல் இழுத்து விட்டுக்கொண்டே இருப்பதுதான். சிறுவயதிலிருந்து அடக்கிப் பழகியவருக்கு, பதற்றம் வந்த கணத்தில் பழைய வழக்கமே கைகொடுக்க ஓடிவரும் என்பதால், அவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குளத்தில் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரியும் என்று அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லக் கேட்பது அவருக்கு அவரே செய்துகொள்ளும் தீங்கு.

குறுக்குத்துறையில் தாமிரபரணியை எதிர்த்து நீந்தியவருக்கும் இது ஓரளவு பொருந்தும். பயிற்சியில் 400 மீட்டர் நிற்காத நீச்சல், மாஸ்க், மூச்சுக்குழாயான ஸ்நார்க்கல், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் ஆகியவற்றை அணிந்து கையைப் பயன்படுத்தாமல் 800 மீட்டர், இடத்திலேயே மிதந்து 15 நிமிடம், அசைவற்றுக் கிடக்கும் ஒருவரை 100 மீட்டர் இழுத்துச் செல்வது ஆகியவை நேரம் குறித்து மதிப்பிடப்படுகின்றன. ஆற்றிலும் கிணற்றிலும் கற்றவர்கள் கைவீச்சை நம்பியே நீந்துவதால், காலை மட்டும் கொண்டு 800 மீட்டர் போகும்போது தொடை இறுகி நின்றுவிடுகிறார்கள். சேருவதற்கு இரண்டு மாதம் முன்பே ஃபின்ஸ் அணிந்து பழகிவிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல.

ஊருக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடா இருக்கும்போது ஏன் வெளியூர் போகவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழைய முடியாது. அங்கே கொண்டுபோய்ப் பயிற்சி தருகிறோம் என்று யாராவது சொன்னால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

காலம் பார்க்காமல் சேருவது, மிகச் சாதாரணமாக நடந்தாலும் மிகுந்த இழப்பைத் தரும் தவறு. நம் பக்கத்தில் கல்லூரித் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களில் முடிகின்றன. முடிந்த கையோடு பிள்ளைகள் கிளம்புகிறார்கள். தென்மேற்குப் பருவமழையோ மே மாதத்தின் பின்பகுதியிலேயே அந்தமானைத் தொட்டுவிடுகிறது. நேத்ராணியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை படகு போவதில்லை. ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தவர், கடலையே பார்க்காமல் கடையைப் பெருக்கி, சாமான்களைக் கழுவி, கட்டிய பணத்தில் இரண்டு மாதத்தைக் கழித்துவிடுவார். அந்தமானிலோ நேத்ராணியிலோ பயில விரும்புகிறவர் அக்டோபரில் போவதே பொருத்தம். இடையில் இருக்கும் மாதங்களை நீச்சலுக்கும், முதலுதவிப் பயிற்சிக்கும், பாடப்புத்தகத்தைப் படிப்பதற்கும் பயன்படுத்தலாம். அந்த மாதங்களிலேயே போய்த்தீர வேண்டும் என்றால், இலங்கையின் திருகோணமலைப் பக்கம் அப்போதுதான் கடல் அமைதியாக இருக்கும். தாய்லாந்தின் கோ தாவ் தீவிலும் டைவிங் நடக்கும். ஆனால் சுற்றுலா விசாவில் சென்று, பயிற்சி என்ற பெயரில் அங்கே வேலை பார்ப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகலாம். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது பயிற்சி பெறுபவர்தான், சேர்த்துக்கொண்டவர் அல்ல.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நம் பக்கத்துக் குணம். எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லும்போது, அந்த எல்லாமில் எது எது அடங்கும் என்று எழுத்தில் கேட்டுவாங்க வேண்டும். பாடப்பொருள்களின் விலை, சான்றிதழுக்கான விண்ணப்பக் கட்டணம், அமைப்புக்குச் செலுத்தும் ஆண்டு உறுப்பினர் கட்டணம், மருத்துவச் சோதனை, காப்பீடு, தங்குமிடம், சாப்பாடு, சொந்தமாக வாங்க வேண்டிய மாஸ்க், ஃபின்ஸ், டைவ் கம்ப்யூட்டர் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே பின்னால் வந்து நிற்கக்கூடியவை. கடல் மோசமாகி நாட்கள் வீணானால் பயிற்சி நீட்டிக்கப்படுமா, நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் பணம் திரும்புமா என்பவற்றையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் என்றால் கூச்சத்துக்கு அங்கே இடமில்லை.

இலவச இன்டர்ன்ஷிப் என்பதன் பொருள், உங்கள் உழைப்பைக் கட்டணமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதே. சிலிண்டர் தூக்குவதையும் சாமான் கழுவுவதையும் இழிவாக நினைக்கத் தேவையில்லை; தொழிலில் பாதி அங்கேதான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ரெகுலேட்டரை நன்னீரில் அலசுவதற்கு முன், சிலிண்டரோடு இணையும் வாயை மூடும் சிறு மூடியின் ஈரத்தைத் துடைத்து இறுக்கிப் பூட்டாவிட்டால், உள்ளே புகும் நீர் நாளடைவில் அதை அரித்துவிடும். காற்று நிரப்பும் கம்ப்ரசரின் உறிஞ்சுகுழாய், அதே இயந்திரத்தின் புகைபோக்கி இருக்கும் பக்கமாகக் காற்று திரும்பியபோது கவனிக்கப்படாமல் இருந்தால், கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். மேலே தலைவலியோடு நிற்பது, ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மயக்கமாகலாம். படகில் உட்கார்ந்து ரெகுலேட்டரில் மூச்சு இழுத்துப் பார்க்கும் வாடிக்கையாளரின் அழுத்தமானியில் முள் 200 பாரில் நிற்கும். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது துளி இறங்கி, மறுபடி ஏறும். அவர் சிலிண்டரின் வால்வு முழுவதும் திறக்கப்படவில்லை என்பதை அந்தச் சிறு அசைவு காட்டுகிறது. படகில் அவருக்கு மூச்சு தாராளமாகவே வரும். 15 மீட்டரில் போதாமல் திணறுவார். இப்படிப்பட்டவற்றை உடன்நின்று காட்டித் தருகிறவர் இருக்கும் இடத்தில் எடுபிடி வேலையும் படிப்பாகிறது. காலையிலிருந்து மாலை வரை தூக்கவைத்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கென்று இன்ஸ்ட்ரக்டர் ஒதுங்கி உட்காராத இடத்தில் அது வெறும் கூலியில்லா வேலைதான்.

அதைவிட ஆபத்தானது, பயிற்சியில் இருக்கும், இன்னும் தகுதி பெறாதவரிடம் வாடிக்கையாளரைத் தனியே ஒப்படைப்பது. சீசனில் ஆள் பற்றாக்குறை வரும்போது, நீ நன்றாகத்தானே செய்கிறாய், இந்த இருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லப்படும். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளே அதிகம். முதன்முறையாகக் கடலில் இறங்குகிறவரின் கையைப் பிடித்துச் செல்லும் உரிமை பயிற்சி பெறுபவருக்கு இல்லை. ஏதேனும் நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது, அமைப்பும் பின்னால் நிற்காது, வழக்கில் உங்கள் பெயரும் இருக்கும். மரியாதையாக மறுத்துவிடுவதே வழி. மறுத்ததற்காக விலகச் சொன்னால் விலகிவிடலாம்.

மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறியிடுவது பரவலாக நடக்கிறது. ஆஸ்துமா, வலிப்பு, காதில் செய்த அறுவைச் சிகிச்சை, தொடர்ந்து உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை மறைத்தால் அட்டை கிடைக்கலாம். ஆழத்தில் அது பிடிபடும். சேர்ந்த பிறகு வரும் சாதாரணச் சளியும் அப்படித்தான். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவருக்கு, அதன் வேகம் கீழே இருக்கும்போது தீர்ந்துவிட்டால், விரியும் காற்று காதிலும் சைனஸிலும் சிக்கிக்கொண்டு, மேலே வரவிடாமல் வதைக்கும். ஒரு நாள் படகில் உட்கார்ந்தே வேலை செய்தால் எதுவும் குறைந்துவிடாது.

ஊர் திரும்பும் அவசரமும் இந்த வகையைச் சேர்ந்ததே. பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடவேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு நாள் முழுதும் விடுவது இன்னும் பாதுகாப்பானது. திசுக்களில் தங்கியிருக்கும் நைட்ரஜன், அழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழாக மாறுவதே காரணம். விமானத்துக்கு மட்டுமே இது பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. கோவளத்தில் டைவ் செய்துவிட்டு ஆரல்வாய்மொழி வழியே பேருந்தில் நெல்லைக்கு வருவதில் கவலையில்லை. அதே நாளில் நண்பர்களோடு மாஞ்சோலைக்கோ கொடைக்கானலுக்கோ ஏறுவதில் உண்டு.

பணம் கட்டுவதற்கு முன், அந்த டைவ் சென்டருக்கே வாடிக்கையாளராகப் போய் இரண்டு நாள் டைவ் செய்துவருவது செலவுதான் என்றாலும், அதைவிட நம்பகமான விசாரணை வேறில்லை. படகில் ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, அதைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்கிறார்களா, குமிழ் பாதிப்புக்கு மருத்துவம் செய்யும் அழுத்தச் சிகிச்சை அறை எங்கே இருக்கிறது, அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரமாகும் என்ற கேள்விக்கு உடனே பதில் வருகிறதா என்று பாருங்கள். இன்ஸ்ட்ரக்டரின் உறுப்பினர் எண்ணைக் கேட்டு, அவர் நடப்பு ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறாரா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஏற்கெனவே அங்கே பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவர்களிடம், முதலாளி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, இந்த வாரத்தில் தண்ணீரில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்று கேளுங்கள்; பதில் சொல்லும் முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், வேறு இடம் தேடலாம்.