ராக் கேட்க ஓப்பன்-பேக் ஹெட்போன்: காசைக் கரைக்கும் தவறுகள்

சென்ஹைசர் எச்டி 600-ஆ, எச்டி 650-ஆ, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவா, ஹைஃபைமேன் சுந்தராவா என்ற கேள்வியோடு அலைபவர்களுக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை. எல்லாமே ஓப்பன்-பேக், அதாவது காதுக்கூட்டின் வெளிப்புறம் திறந்திருப்பதால் ஒலி உள்ளேயும் வெளியேயும் தாராளமாகப் போய்வரும் வகை. ஐடி வேலை கிடைத்து முதல் நல்ல ஹெட்போன் வாங்கும் தம்பிகள்தான் அதிகம். அவர்களில் சிலர் ஒரே மாதத்தில் அதை விற்கவும் கிளம்பிவிடுகிறார்கள். காரணம் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பதில்: “கடையில பிரமாதமா இருந்துச்சுண்ணா. வீட்டுல அரை மணி நேரம் கேட்டா காது கூசுது.” ஹெட்போனில் கோளாறு இல்லை, ஒப்பிட்ட விதம்தான் கோளாறு.

சத்தத்தைச் சமமாக்காமல் ஒப்பிடுவது

எத்தனை முறை சொன்னாலும் எடுபடாத பாடம் இது. ஆம்ப் (ஹெட்போனுக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி) குமிழ் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு ஹெட்போனைப் பிடுங்கி அடுத்ததைச் செருகுவார்கள், பத்து நொடியில் தீர்ப்பு வந்துவிடும். அந்தப் பத்து நொடியில் ஜெயித்தது பெரும்பாலும் சத்தம் கூடுதலாக வந்த ஹெட்போன்.

குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடித்தட்டு ஒலியும் உச்ச ஒலியும் சரியாக எட்டாது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே 3 டெசிபல் ஏற்றினாலே கிக் டிரம் கனமாகும், சிம்பல் மினுங்கும். 1 டெசிபல் வித்தியாசம் இன்னும் மோசம். அதைச் சத்தம் என்றே யாரும் உணர்வதில்லை. “இதில் தெளிவு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டுவார்கள்.

டப்பாவில் அச்சிட்ட எண்ணும் குழப்பும். 250 ஓம் (மின்தடை) ஹெட்போன் ஒன்றுக்கு 96 டெசிபல் என்றும், 32 ஓம் பிளானர் (மெல்லிய தட்டைச் சவ்வால் ஒலிக்கும் வகை, சுந்தரா போல) ஒன்றுக்கு 91 டெசிபல் என்றும் போட்டிருந்தால் முதலாவதுதான் சத்தமாகப் பாடும் என்று தோன்றும். ஆனால் இரண்டு எண்ணும் ஒரு மில்லிவாட்டுக்குச் சொன்ன கணக்கு. ஆம்ப் குமிழ் மாற்றுவது வோல்ட்டை. ஒரு வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தால் 250 ஓமுக்கு 6 டெசிபல் கூட்ட வேண்டும், 32 ஓமுக்கு 15. அதாவது 102, 106. குமிழைத் தொடாமல் மாற்றினால் “91” போட்டதுதான் 4 டெசிபல் உரக்க ஒலிக்கும். அதற்கு மேல் எந்த ஒப்பீடு செய்தாலும் வீண்.

சரிசெய்யத் தேவையானது ஓர் அட்டையும் போனும்தான். ஷூ டப்பா மூடியில் போன் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, அடியில் மைக்கை ஒட்டி வையுங்கள். மேலே ஹெட்போனின் ஒரு பக்கத்தை, பேட் (காதைச் சுற்றிப் படியும் மெத்தை) முழுவதும் அட்டையில் படியும்படி கவிழ்த்து வையுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) உருவாக்கி, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டு ஓட விடுங்கள். முழு நாய்ஸையும் வைத்தால் பேஸ் (அடித்தட்டு ஒலி) அதிகமுள்ள ஹெட்போன் மீட்டரை ஏமாற்றிவிடும். போன் ஆப் காட்டும் எண் உண்மையான அளவாக இருக்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போதும். உரக்க ஒலிப்பதைத் தணித்து, வித்தியாசத்தை அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். விண்டோஸ் வால்யூமின் 0–100 எண்ணை நம்பாதீர்கள், அது டெசிபல் அல்ல. ஈக்குவலைசர் ஏபிஓ என்ற விண்டோஸ் மென்பொருளில் ப்ரீஆம்ப் (மொத்தச் சத்தம்) அளவை டெசிபலிலேயே தரலாம். ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஓர் எண் எழுதி வைத்துக்கொண்டால் மாற்றுவது சுலபம்.

சமமாக்கிய பிறகும் அவசரப்படக் கூடாது. டிடி 990 ப்ரோவுக்கு 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. ராக் என்றால் ஹை-ஹேட்டும் கிராஷும் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். முதல் பாட்டில் அந்த மேடு “டீட்டெய்ல்” என்று தெரியும், ஆறாவது பாட்டில் ஊசியாகக் குத்தும். கடைச் சூழலும் இதற்கு உடந்தை. இந்திராநகர் 100 அடி ரோட்டு இரைச்சலும் ஏசி உறுமலும் ஓப்பன்-பேக்குக்குள் தாராளமாக நுழைந்து, அடித்தட்டை மூடிவிடும். மேல்தட்டு தூக்கலான ஹெட்போனுக்கு அங்கே ஆட்டம் தொடங்கும் முன்பே வெற்றி. வாய்ப்பிருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில், தெரிந்த ஆல்பம் ஒன்றை நாற்பது நிமிடம் முழுதாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ஈக்குவலைசரில் 8,000 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைத்துப் பார்க்கலாம். விற்பதைவிட மலிவு.

தேய்ந்த பேடை வைத்துத் தீர்ப்பு

எச்டி 600க்கும் 650க்கும் இடையே உள்ளது ஒன்றிரண்டு டெசிபல் சமாச்சாரம். 650இல் பேஸின் மேல்பகுதி சற்றுத் தடிப்பு, கிட்டார் உறுமல் சற்று மென்மை, அவ்வளவே. நண்பரின் பழைய 600இல் பேட் அமுங்கிப்போயிருந்தால் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) காதை நெருங்கியிருக்கும், அதனால் வரும் மாற்றமே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். பழையதற்குப் புது பேட் மாட்டாமல் புதியதோடு ஒப்பிடாதீர்கள்.

650-ஆ, 6எக்ஸ்எக்ஸ்-ஆ?

6எக்ஸ்எக்ஸ் என்பது டிராப் என்ற இணையக் கடைக்காகச் சென்ஹைசர் தயாரித்த 650. இரண்டும் ஒன்றுதான். கேபிளும் நிறமும் வேறு. மலிவாகக் கிடைப்பதை எடுங்கள்.

“பேஸே இல்லை”

ஓப்பன்-பேக் மேல் வரும் புகார் இது. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். ஆனால் ராக் பதிவுகளில் காதுக்குக் கனம் தருவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும், 60 முதல் 100 வரையுள்ள கிக்கும். அந்த இடம் எச்டி 600இல் நன்றாகவே இருக்கிறது, அதற்குக் கீழேதான் சரிவு. ஐந்து கம்பி பேஸின் அடிக்கம்பி 31 ஹெர்ட்ஸ். அப்படிப்பட்ட மெட்டல்தான் உங்கள் தினசரி என்றால் பிளானர் பக்கம் போங்கள். ஆனால் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே சோதிக்க வேண்டும். காம்புக்கும் பேடுக்கும் இடையே விழும் சிறு இடைவெளி போதும், பிளானரின் அடித்தட்டில் சில டெசிபல் ஓடிவிடும்.

கிராடோ நிறுவன ஹெட்போன்கள் வேறு குணம். 2,000 ஹெர்ட்ஸ் பக்கத் தூக்கலால் கிட்டார் உறுமல் முகத்தில் வந்து அறையும், பேஸ் கொஞ்சம்தான். அந்தச் சுபாவம் பிடித்தவர்களுக்கு மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும்.

வீட்டில் கிடக்கும் பழைய ஆம்பில் ஒப்பிடுவது

சில பழைய ஸ்டீரியோ ஆம்ப்களின் ஹெட்போன் துளையில் 100 ஓமுக்கு மேல் தடை இருக்கும். எச்டி 600 வகை பெயருக்கு 300 ஓம் என்றாலும், 80–100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம் வரை ஏறும். 120 ஓம் துளையில் செருகினால் அந்த இடத்தில் சுமார் 1 டெசிபல் பேஸ் இலவசமாகக் கூடும். பிளானரின் தடை எல்லா அலைவரிசையிலும் ஒரே மட்டம், ஆகவே அதற்கு இந்தச் சலுகை கிடையாது. ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான தடையுள்ள துளை போதும்.

பர்ன்-இன்

புது ஹெட்போனை மணிக்கணக்கில் ஓடவிட்டால் ஒலி மேம்படும் என்ற நம்பிக்கை இது. பேட் படியும், காது பழகும். டிரைவருக்காக நூறு மணி நேரம் காத்திருக்காதீர்கள்.

பிஜி அறைக்கு ஓப்பன்-பேக்

பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். வேண்டாம்.

ஆல்பத்தின் குற்றத்தை ஹெட்போன் மேல் போடுவது

மெட்டாலிக்காவின் 2008 ஆல்பம் ‘டெத் மேக்னெட்டிக்’ சிடியில் சத்தத்தை ஏற்றி ஏற்றி அலையின் உச்சியே வெட்டுப்பட்டிருக்கும். எந்த ஹெட்போனிலும் அது கரகரக்கும். நேர்த்தியான ஹெட்போனில் இன்னும் தெளிவாகக் கரகரக்கும். சோதனைக்கு இப்படி அமுக்கிய ஆல்பம் ஒன்றும், மூச்சுவிட இடம் கொடுத்த எழுபதுகளின் பதிவு ஒன்றும் கையில் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபையில் சத்தச் சமன் அமைப்பு ஓடட்டும், இல்லையென்றால் பாட்டுக்குப் பாட்டு மறுபடி அதே சத்த மயக்கம்.

செகண்ட்ஹேண்டில் இடது-வலது பார்க்காமல் வாங்குவது

மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். குரல் இடப்பக்கம் சாய்ந்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். அப்போதும் இடப்பக்கமே சாய்ந்தால் அது உங்கள் காது. வலப்பக்கம் தாவினால் ஹெட்போனோ ஆம்போ கேபிளோ. எச்டி 600 வகையில் கேபிள் இரண்டு பக்கமும் கழலும், முனைகளை இடம் மாற்றிச் செருகுங்கள். சாய்வு பக்கம் மாறினால் ஆம்ப் அல்லது கேபிள், மாறாவிட்டால் டிரைவர். டிடி 990 ப்ரோவில் கேபிள் கழலாது. சுருள் கேபிளின் அடியில், ஹெட்போனுக்குள் நுழையும் இடத்தில், மெல்ல வளைத்தபடி கேளுங்கள். ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் சால்டரிங் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.