ஒதுங்கிப் போகிறவரோடு பழகுவது எப்படி

சின்ன வயதில் வருடக்கணக்கில் அடியும் வசவும் வாங்கி வளர்ந்தவர்களில் சிலர், கல்யாணம் காதுகுத்து என்று கூப்பிட்டால் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். திமிர் என்று ஊர் பேசும். அடித்ததே வீட்டு ஆள்தான் என்னும்போது, யார் நெருங்கினாலும் ஆபத்து என்று உடம்பு பழகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடப்பில் உள்ள பதிப்பில், இந்தச் சிக்கலான மன அதிர்ச்சிக்குத் தனி இடம் உண்டு. உறவில் நெருங்க முடியாமல் போவது அதன் அறிகுறிகளில் ஒன்று.

வேலூர் சத்துவாச்சாரியில், இப்படி ஒதுங்கும் என் தங்கை என்னோடுதான் இருக்கிறாள். பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன். சொல்லாமல் விருந்தாளியைக் கூட்டி வராதீர்கள். போனை எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அடிக்காமல், "ஆறு மணிக்குக் கோட்டைப் பக்கம் நடக்கப் போறேன், வந்தா வா, வராட்டியும் சரி" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். (வேலூர் வெயிலில் அதற்கு முன் யார் நடப்பது?) அகழி ஓரமாகப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, பேசியே ஆகவேண்டும் என்றும் இல்லை. என் அனுபவத்தில் இதுதான் அதிகம் வேலை செய்தது.

என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள். "பழசை மறந்துடும்மா" என்று வரும் பெரியம்மாக்களுக்கு வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

சிகிச்சைக்குப் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை கூடப் போய் வெளியே உட்காருங்கள். போக மனமில்லையா, அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் தனியே விடாமல் உடனே அந்த எண்ணை அழையுங்கள்.