டெர்மினலில் மெயில்: கணக்கை இணைக்கும்போது சறுக்கும் இடங்கள்

கட்டளை எழுதும் டெர்மினலுக்குள்ளேயே மெயில் படிக்க உதவும் மட், நியோமட் போன்ற நிரல்களில் முதன்முதலாக மெயில் கணக்கை இணைப்பவர்கள் அதிகம் பயப்படுவது 'லாகின் ஃபெயில்டு' என்ற வரிக்கு. அது சாதுவான பிழை. உடனே சொல்லிவிடும், எதையும் கெடுக்காது. பயப்பட வேண்டியவை வேறு: ஒரு எச்சரிக்கையும் காட்டாமல் சர்வரில் இருக்கும் மெயிலை அழித்துவிடும் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு), ஆபீஸ் மெயிலைச் சொந்த முகவரியிலிருந்து அனுப்பிவைக்கும் கான்ஃபிக். அவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில் வாசலைத் தாண்ட வேண்டுமே.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரோ போட்டிருக்கும் கான்ஃபிக்கை அப்படியே எடுத்து ஒட்டுவதில்தான் பலருக்குத் தொல்லை ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் அதில் நான்கு நிரல்கள் கைகோத்திருக்கும்: எம்பிசிங்க் மெயிலைக் கணினிக்கு இறக்கும், நாட்மச் தேடும், மட் காட்டும், எம்எஸ்எம்டிபி அனுப்பும். நான்கையும் ஒரே மூச்சில் நிறுவினால் எது முரண்டு பிடிக்கிறது என்றே தெரியாது. மட்டுக்கே ஐமேப்பும் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் நெறிமுறை) எஸ்எம்டிபியும் (அனுப்பும் நெறிமுறை) தெரியும். ஒரே ஒரு கணக்கு வைத்திருப்பவருக்கு அதுவே போதும். இல்லை, இறக்கி வைத்துத்தான் படிப்பேன் என்றால் எம்பிசிங்கை மட்டும் நிறுவி, முதலில் ஃபோல்டர் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பட்டியல் வந்துவிட்டால் சர்வர் பெயர், போர்ட் (இணைப்பு எண்), பாஸ்வேர்டு மூன்றும் சரி. அப்புறம் சின்ன ஃபோல்டர் ஒன்றை இறக்குங்கள். அனுப்புவதைக் கடைசியாகப் பார்க்கலாம். எடுத்த கான்ஃபிக்கில் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று இருந்தால் அது எம்பிசிங்கின் பழைய பதிப்புக்கு எழுதியது, 1.4 முதல் அவை 'ஃபார்', 'நியர்' ஆகிவிட்டன.

பாஸ்வேர்டுக்கு வருவோம். ஜிமெயிலில் நீங்கள் பிரவுசரில் போடும் பாஸ்வேர்டு இங்கே செல்லாது. 2022 மே 30 முதல் கூகுள் அந்த வழியை மூடத் தொடங்கிவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் ஆப் பாஸ்வேர்டு எடுக்கவே முடியாது. பலர் இது தெரியாமல் அமைப்புப் பக்கங்களில் தேடிக்கொண்டே இருப்பார்கள். திரையில் அது நான்கு நான்கு எழுத்தாக இடைவெளி விட்டுத் தெரியும். கான்ஃபிக்கில் போடும்போது இடைவெளியை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். 'நேற்று வரை ஓடியதே' என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

மற்ற சேவைகளில் நீங்களே வைத்த பாஸ்வேர்டு என்றால் அதில் உள்ள குறிகளைக் கவனியுங்கள். மட்டின் கான்ஃபிக்கில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது குறிப்புரை ஆகிவிடலாம். $ வந்தால் மாறி என்று எடுத்துக்கொள்ளும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டாலும் $ விரியும். ஒற்றை மேற்கோள்தான் காப்பாற்றும். ஆனால் பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதுவதே தப்பு. என்றைக்காவது அந்தக் கோப்பு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் நிரலுக்குள் போய், அங்கிருந்து கிட்ஹப்புக்குப் போகும். ஜிபிஜி என்ற குறியாக்க நிரல் கொண்டு பூட்டும் 'பாஸ்' நிரலில் வைத்து, கட்டளை மூலம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எம்பிசிங்க், எம்எஸ்எம்டிபி, மட் மூன்றும் இதற்கு ஒத்துவரும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜிபிஜியின் துணை நிரலான ஏஜென்ட், உங்கள் சாவியைத் திறக்கும் சாவிச்சொல்லைப் பொதுவாகப் பத்து நிமிடம்தான் நினைவில் வைத்திருக்கும். குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரானில் போட்டுவைத்த எம்பிசிங்க், நீங்கள் எதிரில் இல்லாத நேரத்தில் சாவிச்சொல் கேட்க ஆளில்லாமல் தோற்றுப்போகும். நினைவில் வைத்திருக்கும் (கேச்) நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் ஆப் பாஸ்வேர்டு பேச்சே வேண்டாம். நிறுவனங்களுக்கான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபரிலிருந்து ஐமேப்புக்கு வெறும் பாஸ்வேர்டை நிறுத்தத் தொடங்கினார்கள். சொந்த அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல். பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் என்ற தற்காலிக அனுமதிச் சீட்டைக் காட்டும் ஓஆத் 2 ஒன்றே இனி வழி. மட்டுடன் வரும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று டோக்கனை வாங்கிப் புதுப்பித்துத் தரும். எம்பிசிங்குக்கு அது போதாது. ஓஆத் டோக்கன் கொண்டு மெயில் சர்வரில் நுழையும் முறையான எக்ஸ்ஓஆத்2-க்கு, சாஸல் என்ற லாகின் நூலகத்தின் பிளகினைத் தனியாக நிறுவ வேண்டும். கூகுளில் ஓஆத்துக்குச் சொந்தமாக ஒரு புராஜெக்ட் உருவாக்கி அதை 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டால், புதுப்பிக்கும் டோக்கன் ஏழு நாளில் காலாவதியாகும். வாராவாரம் அறுந்துபோகும் இணைப்புக்கு இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது. ஆபீஸ் கணக்கு என்றால் ஐடி பிரிவு ஐமேப்பை அனுமதித்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அவர்கள் மூடியிருந்தால் உங்கள் கான்ஃபிக் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

போர்ட் விஷயம் சின்னதுதான். படிக்க 993, அனுப்ப 465 அல்லது 587. 465-ல் பேச்சு தொடங்கும்போதே குறியாக்கம் இருக்கும், 587-ல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளை மூலம் நடுவில் வரும். எம்எஸ்எம்டிபியில் 465 போட்டுவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸை அணைக்க மறந்தால் பதிலே வராமல் தொங்கி நிற்கும். 25-ஐ மறந்துவிடுங்கள், அது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. சர்வர் தன்னை அடையாளம் காட்டத் தரும் சான்றிதழில் பிழை வந்தால் சரிபார்ப்பையே அணைக்கச் சொல்லும் யோசனை எங்காவது கண்ணில் படும். செய்யாதீர்கள். பாஸ்வேர்டை யாரிடம் கொடுக்கிறோம் என்றே தெரியாத நிலை அது.

சர்வர் பெயரிலும் ஏமாறலாம். சென்னையைச் சேர்ந்த ஜோஹோவில், உங்கள் கணக்கு இந்திய டேட்டா சென்டரில் இருந்தால் சர்வர் பெயர் டாட் இன் என்று முடியும், டாட் காம் அல்ல. சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்குப் பெயரே வேறு. புரோட்டான் மெயிலுக்கு நேரடி ஐமேப் கிடையாது. அவர்களுடைய பிரிட்ஜ் நிரலை உங்கள் கணினியில் ஓடவிட்டு அதனுடன் பேச வேண்டும்.

சரி, இப்போது சத்தமில்லாத தவறுகள்.

எம்பிசிங்கின் பெயரிலேயே இருக்கிறது, அது பேக்கப் அல்ல, சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பல கான்ஃபிக்குகளில் 'எக்ஸ்பஞ்ச் போத்' என்று ஒரு வரி இருக்கும். இரண்டு பக்கமும் நிரந்தரமாக நீக்கு என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு, மட் சரியாக வருகிறதா என்று சோதித்து, விளையாட்டாகச் சில மெயில்களை நீக்கினால் அடுத்த சிங்கில் சர்வரிலும் போய்விடும். எதையும் நிரந்தரமாக நீக்காத 'நன்' நிலையில் வைத்து, சர்வரிலிருந்து இழுக்க மட்டும் சொல்லி, சில வாரம் பழகுங்கள். நம்பிக்கை வந்த பிறகு இரு பக்கமும் திறந்துவிடலாம். மெயில் கோப்புகளை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஷெல்லில் (கட்டளை வரியில்) கைப்பட நகர்த்துவதும் ஆபத்து. கோப்பின் பெயரிலேயே எம்பிசிங்க் ஒரு எண்ணைப் பதித்து வைத்திருக்கிறது. அந்த எண் புது ஃபோல்டரில் வேறு மெயிலுடையதாக இருந்தால் சிங்க் நின்றுவிடும்.

ஜிமெயிலில் இன்னொரு சிக்கல். அங்கே ஃபோல்டர் என்று எதுவும் இல்லை, லேபிள்கள்தான். ஐமேப் வழியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு லேபிளும் ஃபோல்டராகத் தெரியும். ஒரு மெயிலுக்கு மூன்று லேபிள் இருந்தால் அந்த மூன்றிலும் ஒவ்வொரு பிரதி, 'ஆல் மெயில்' ஃபோல்டரில் ஒன்று, ஆக நான்கு பிரதி இறங்கும். ஒரு நாளைக்கு ஐமேப் வழியாக 2,500 எம்பிதான் இறக்கலாம் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. பல வருட மெயில் உள்ள கணக்கில் எல்லாவற்றையும் இழுக்கச் சொன்னால் நடுவிலேயே கதவு சாத்தப்படும். 'ஆல் மெயில்' மட்டும், அல்லது இன்பாக்ஸும் இரண்டு மூன்று லேபிளும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இன்பாக்ஸில் நீக்கிய மெயில், வழக்கமான அமைப்பில், குப்பைக்குப் போகாது, ஆர்க்கைவ் ஆகும். உண்மையிலேயே நீக்க, குப்பை ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும். அனுப்பிய மெயிலின் பிரதியை ஜிமெயில் தானே வைத்துக்கொள்ளும் என்பதால் மட்டில் அந்தப் பதிவை அணைத்துவிடுங்கள்.

ஜிமெயிலைத் தமிழ் இடைமுகத்தில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கூடுதல் பரிசு உண்டு. ஐமேப்பில் தெரியும் சிஸ்டம் ஃபோல்டர்களின் பெயரும் கணக்கின் மொழியில்தான் வரும். அந்தத் தமிழ்ப் பெயர் பழைய ஐமேப் குறியாக்கத்தில் & குறியில் தொடங்கிப் புரியாத எழுத்துக்கூட்டமாக நிற்கும்; ஆங்கிலப் பெயர் எழுதிய கான்ஃபிக், ஃபோல்டரே இல்லை என்று சொல்லும். பட்டியலில் வந்த பெயரை அப்படியே எடுத்து எழுதலாம். மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுவது சுலபம், ஆனால் மனசு வராது.

இரண்டாவது கணக்கைச் சேர்க்கும்போது மட் ஒரு வேலை காட்டும். ஒரு ஃபோல்டருக்குள் நுழையும்போது மாற்றச் சொன்ன அமைப்பு, வெளியே வந்த பிறகும் அப்படியே இருக்கும். ஆபீஸ் கணக்கில் கையொப்பம் வைத்தீர்கள், சொந்தக் கணக்கில் வைக்கவில்லை என்றால், ஆபீஸ் இன்பாக்ஸைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு எழுதும் மெயிலின் அடியிலும் பதவிப் பெயர் உட்கார்ந்திருக்கும். அது சிரிப்போடு போய்விடும். அனுப்புநர் முகவரி மாறிப்போனால் போகாது. எல்லா ஃபோல்டருக்கும் பொருந்தும் பொது விதி ஒன்றை முதலில் எழுதி, அதற்குக் கீழே ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே பட்டியலை முழுதாக எழுதுங்கள்: அனுப்புநர், கையொப்பம், அனுப்பியவை ஃபோல்டர், அனுப்பும் கட்டளை. முடித்ததும் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் மற்றொன்றுக்கு மெயில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததன் தலைப்பு வரிகளை முழுதாகத் திறந்து பாருங்கள்.

தமிழ் மெயில் எல்லாம் கேள்விக்குறியாக வந்தால் கணக்கை நோண்டாதீர்கள், கணினியின் மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பான லோக்கேல் யுடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்குள் நுழைந்து மட்டைத் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். கேள்விக்குறி போய், கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அது டெர்மினலின் கோளாறு. இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாத டெர்மினல்கள் நிறைய உண்டு. வேறு டெர்மினலில் திறந்து பார்க்கலாம், அல்லது நீளமான தமிழ் மெயிலை மட் வழியாகவே பிரவுசருக்குத் தள்ளிப் படிக்கலாம்.