ஓவர்குளொக் செய்த கணினி திடீரென நிற்கிறதா?

கணினியின் பாகங்களை அவற்றுக்குக் குறித்த வேகத்தைவிட வேகமாக ஓடவிடுவதுதான் ஓவர்குளொக். அப்படி மாரி முழுக்க ஒழுங்காக ஓடிய கணினி, வெப்பமான கச்சான் காற்று தொடங்கியதும் விளையாட்டின் நடுவே நின்றுபோகிறதா? மட்டக்களப்பில் இது புதுமையில்லை. அறை 5 பாகை சூடானால் சீபீயூவும் (கணினியின் மூளையான சில்லு) ஏறக்குறைய அவ்வளவு சூடாகும். மாரியில் மயிரிழையில் தாங்கிய ஓவர்குளொக் வெயிலில் தாங்காது.

உடனே வோல்டேஜைக் கூட்டாதீர்கள், சூடுதான் இன்னும் ஏறும். முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றுங்கள். ராமை (தற்காலிக நினைவகம்) வேகமாக ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பையும் நிறுத்துங்கள், அதுவும் ஓவர்குளொக்தான், பலர் மறந்துவிடுகிறார்கள். அப்போதும் நின்றால் பிழை வேறிடத்தில்: பவர் சப்ளை, ராம், அல்லது தூசு அடைத்த கூலர்.

நிற்கவில்லையா? சரி, ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டுங்கள். முதலில் ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். அப்புறம் சீபீயூ, 100 மெகாஹேர்ட்ஸ் படியாக. நான் ஒருமுறை இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, எது குற்றவாளி என்று தெரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்தேன்.

திரையே வரவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் உள்ள வட்டப் பற்றரியைச் சில நிமிடம் எடுத்து வையுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.